அடுப்போரம் உட்கார்ந்த வேடக்காரர்

மேரிஸ்டவுன், நியூஃபவுண்ட்லாந்து
பிப்ரவரி 3, 2022

அன்புள்ள மார்ஜரி,

போனை எடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாய் போலிருக்கிறது. எத்தனை தடவை அடித்தாலும் அந்த இயந்திரப் பெண்தான் வருகிறாள். அவளோடு பேசிப் பேசி எங்களுக்குள் சிநேகமே வந்துவிட்டது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. மீன் ஆலையில் காலமெல்லாம் கத்தி பிடித்த கை இது.

வாசற்படிப் பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். மகள் ஒரு டேப்லெட்டை மடியில் வைத்து, "அம்மா, இதப் பாத்துக்கிட்டுப் பேசாம கெட" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பேசாமல் கிடக்கிற ஆளா நான்? பழைய செய்தித்தாள், ஞானஸ்நானப் பதிவு, எந்தக் கப்பலில் யார் வந்தார்கள் என்பது வரை எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். என் தாத்தா மீன் காயப்போடும் மேடைக்காகப் பக்கத்து வீட்டுக்காரனோடு கோர்ட்டுக்குப் போன கதைகூட இருக்கிறது. உன் அத்தை ஃப்ளோரா கல்யாணத்தின்போது வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள். நானே கண்டுபிடித்தேன்.

அதில் ஒரு தளம் தீவின் பழைய படங்களைப் போட்டு, கீழே ஒரு பெட்டி வைத்து, "இவர்களில் யாரையாவது தெரியுமா?" என்று கேட்கிறது. அங்கேதான் நாம் பிறந்த ஊரை, நம் கானட் கோவைப் பார்த்தேன். அரசாங்கம் எல்லாரையும் கிளப்பிவிட்ட பிறகு ஆடுகூட மேயாத இடம், மார்ஜ். ஆனால் அந்தப் பக்கத்தில் ஊரே கூடியிருக்கிறது. டொரான்டோவிலிருந்து ஒருத்தி, போஸ்டனிலிருந்து ஒருத்தன், எல்லாரும் அந்தக் காலத்தில் கடைவாசலில் நின்று அளந்த மாதிரியே அளக்கிறார்கள்.

ஜேன்ஸ் வாத்தியாரின் மகள் அவருடைய சினிமாச் சுருள்களைக் கொடுத்திருக்கிறாள். ஒன்று கீப்பிங் கடைக்காரர் வீட்டுச் சமையலறை. ஜெனரேட்டர் வெளிச்சம். கிறிஸ்துமஸ் நாட்களின் மம்மர் வேடக்காரர்கள் வந்து ஆடுகிறார்கள். ஆம்பிளை பாவாடை கட்டி, பொம்பளை கால்சட்டை போட்டு, முதுகில் தலையணை திணித்து, முகத்தில் ஜன்னல் திரையைத் தொங்கவிட்டு. சத்தம் கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரென்று சரியாகச் சொல்லிவிட்டால் திரையைத் தூக்கி முகத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்பதுதானே சட்டம்? அதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தவறினேன். ஆறு வயதில் யாரோ ஒரு வேடக்காரரைப் பிடித்து "அப்பா" என்றேன். அவர் இல்லையென்று தலையாட்டிவிட்டார். வெட்கத்தில் அழுது தீர்த்தேன். எங்கள் அப்பாவுக்கு மம்மர் வேடமே ஆகாது, அவர்களுக்குக் கதவைக்கூடத் திறக்க மாட்டார் என்பது கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அன்று பட்ட அவமானத்தில்தான் இவ்வளவு கெட்டிக்காரி ஆனேன்.

ஆகவே, ஒரே பார்வையில் சொன்னேன். அந்த உயரமான, பாவாடை கட்டிய ஆள் உன் அப்பா லியாண்டர் ஸ்கின்னர். கையுறையை வைத்துப் பிடித்தேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் தனியாகப் பிரிந்த கம்பளிக் கையுறை, நீலக் கட்டம், மணிக்கட்டில் ஒரு சிவப்பு வரி. நீல நூல் தீர்ந்துபோய் உன் அம்மா சிவப்பைப் போட்டு முடித்தது. உலகத்திலேயே ஒரு ஜோடிதான்.

அதன் பிறகு அங்கே கொஞ்சம் பேச்சு வந்தது. நீ பார்த்தாயா என்று தெரியவில்லை. வேலையற்றவர்கள் எதையாவது சொல்வார்கள். மனதில் வைத்துக்கொள்ளாதே. போனை எடு.

உன்
வெர்னா


ரெட் டீர், ஆல்பர்ட்டா
பிப்ரவரி 20, 2022

வெர்னா,

பார்த்தேன். என் மகன் ட்ரென்ட் காட்டினான். அவன் தாத்தாவைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை அவன் வாயால் வாசிக்கக் கேட்டேன்.

"கொஞ்சம் பேச்சு" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். தளத்தில் வேலை செய்யும் பெண் சுருள் டப்பாவில் தேதியைக் கண்டுபிடித்துப் போட்டாள். 1966, ஜனவரி ஆறு, பழைய கிறிஸ்துமஸ். ஆம்ப்ரோஸ் ஹைன்ஸ் கடலோடு போன நாள். படத்தில் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் திரும்புகின்றன. அது ஆபத்தென்று அடித்த கோவில் மணி. ஆம்பிளைகள் வேடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். நீ என் அப்பா என்று சொன்ன ஆள் மட்டும் திரையை எடுக்காமல் அடுப்போரம் உட்கார்ந்துகொள்கிறார்.

அன்று அவரைத் தேடிக் கிளம்பிய மற்ற படகுகள் எல்லாம் துறை வாயிலிலேயே திரும்பிவிட்டன. வெளியே போனது ஒரே படகு. அதில் இருந்தவர்கள் லியாண்டர் ஸ்கின்னரும் கிடியன் பார்டியும், என் அப்பாவும் உன் அப்பாவும், என்றுதான் கோவில் பலகையில் பொறித்தார்கள். இப்போது அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறார்கள்? "அப்போ ஸ்கின்னர் அடுப்புல குளிர் காஞ்சாரா?" அந்த இரவில் உறைந்துபோய் வெட்டி எடுத்த மூன்று விரல்களுக்கும் ஒருத்தன் காரணம் சொல்கிறான். குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடந்திருப்பாராம்.

அவர்களை விடு. நீ என்ன எழுதினாய்? "அப்படியானால் அந்தப் படகில் என் அப்பா தனியாகத்தான் போயிருக்கிறார்." உன் பெயரும் உன் போட்டோவும் பக்கத்திலேயே இருக்கின்றன, சிரித்தபடி.

நீ எழுதிய இரண்டையும் எடு. காரணம் கேட்காதே.

மார்ஜரி


மேரிஸ்டவுன்
மார்ச் 6, 2022

அன்புள்ள மார்ஜரி,

உன் கடிதம் வந்தது. அன்புள்ள என்றுகூடப் போடவில்லை. பரவாயில்லை.

எடு எடு என்றால் எப்படி எடுப்பது? போட்ட பிறகு அழிக்க முடியாது என்று நினைக்கிறேன். மகளைக் கேட்கவேண்டும், அவளுக்கு நேரமில்லை. அப்படியே எடுத்தாலும் எல்லாரும் பார்த்தாகிவிட்டதே? இப்போது எடுத்தால் எதையோ மூடி மறைக்கிறேன் என்பார்கள்.

நான் இல்லாததைச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னேன். அது அந்தக் கையுறைதான் என்று நீயே மறுக்கவில்லை, கவனித்தாயா? மறுக்க முடியாது உன்னால். லியாண்டர் மாமாவை எனக்குப் பிடிக்காதா? சின்ன வயதில் உங்கள் வீட்டில்தானே பாதி நாள் கிடந்தேன்? அவருக்கு அன்று என்ன பயமோ, மனுஷன்தானே. நான் அவரைக் கோழை என்று எழுதவில்லை. மற்றவர்கள்தான் எழுதினார்கள்.

ஆனால் எனக்கும் ஒரு அப்பா இருந்தார். வாயில்லாப் பூச்சி. ஊரில் எந்தப் பேச்சென்றாலும் லியாண்டர் முன்னால், கிடியன் பின்னால். பலகையிலும் உன் அப்பா பெயர் மேலே, என் அப்பா பெயர் கீழே. அவர் தனியாக அந்தக் கடலில் கிடந்துவிட்டு வந்து ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லாமலே செத்துப்போனார் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு விம்மியது. அதைச் சொல்லக்கூட எனக்கு உரிமையில்லையா? ஆம்ப்ரோஸின் மகன் வில்ஃப் ஒன்டாரியோவிலிருந்து எனக்கு எழுதினான். "எங்கப்பாவத் தேடிப் போன ஒரே மனுஷனோட மகள் நீங்க" என்று. ஒரு பெட்டி ஆப்பிளும் அனுப்பினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆப்பிள் பை சுட்டுப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன்.

இன்னொன்றும் உன்னிடம் மறைக்க வேண்டாம். ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் எல்லாரும் படகில் கானட் கோவுக்குப் போய், பழைய பலகைக்குப் பதிலாக அங்கே ஒரு கல் வைக்கப்போகிறோம் அல்லவா? கமிட்டியில் நானும் இருக்கிறேன். கல்லில் லியாண்டர் பெயர் வேண்டாம், கிடியன் பெயர் மட்டும் போதும் என்று பேச்சு வந்திருக்கிறது. நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் அப்பா சம்பந்தப்பட்ட விஷயம், நான் வாயைத் திறந்தால் நன்றாக இருக்காது.

கோபப்படாதே. பார்ட்ரிட்ஜ்பெரி ஜாம் அனுப்பியிருக்கிறேன். அங்கே அதெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது.

வெர்னா


ரெட் டீர்
மார்ச் 24, 2022

வெர்னா,

ஜாம் வந்தது. ட்ரென்ட் சாப்பிடுகிறான். நான் தொடவில்லை.

நீ வாயைத் திறந்தால் நன்றாக இருக்காதாம். திறக்கக்கூடாத இடத்தில் திறந்துவிட்டு, திறக்கவேண்டிய இடத்தில் நாகரிகம் பார்க்கிறாய்.

எங்கள் வீட்டில் பாதி நாள் கிடந்தாய் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம். உனக்கு ரொட்டியில் வெல்லப்பாகு தடவிக் கொடுத்தது யார்? மிச்சம் இருந்த விரல்களால் கத்தியைப் பிடிக்க முடியாமல், கரண்டியின் பின்பக்கத்தால் தடவுவார். நீதான் அதைப் பார்த்துச் சிரிப்பாய். "லியாண்டர் மாமா, ஏன் நண்டு மாதிரி பிடிக்கிறீங்க?" என்பாய். அவரும் உன்கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தக் கையோடு இருபது வருஷம் வலை இழுத்தார்.

என்னால் ஒரே வரியில் உனக்குப் பதில் எழுத முடியும். அந்தப் பெட்டியிலும் எழுத முடியும். ட்ரென்ட் ஒவ்வொரு நாளும் கேட்கிறான், "ஏம்மா சும்மா இருக்க? ஏதாச்சும் சொல்லு" என்று. நான் சொல்லமாட்டேன். அப்பாவிடம் கொடுத்த வாக்கு. என் வாயை அடைத்துவிட்டு நீ பேசிக்கொண்டே இருக்கிறாய், உனக்கே தெரியாமல்.

கல்லில் அவர் பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் நீ கையைத் தூக்கு. சும்மா உட்கார்ந்திருக்காதே. வேண்டாம் என்று கையைத் தூக்கிவிட்டு எனக்கு எழுது.

இனி எனக்கு ஜாம் அனுப்பாதே.

மார்ஜரி


மேரிஸ்டவுன்
ஏப்ரல் 17, 2022, ஈஸ்டர் ஞாயிறு

மார்ஜ்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாலு காகிதத்தைக் கசக்கி அடுப்பில் போட்டுவிட்டேன். வெளியே கோவிலுக்குப் போகிறவர்கள் கையாட்டுகிறார்கள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

அந்தச் சுருளின் கடைசிப் பகுதி ஒட்டிப் போயிருந்ததாம். அதைப் பிரித்துச் சரிசெய்து, வியாழக்கிழமை தளத்தில் போட்டார்கள். கொஞ்ச நேரம்தான் ஓடுகிறது. நீ பார்த்திருப்பாய். பார்க்காவிட்டால் நான் சொல்கிறேன், நான்தான் சொல்லவேண்டும்.

ஆம்பிளைகள் ஓடிய பிறகு சமையலறை காலியாக இருக்கிறது. பொம்பளைகள் ஜன்னலில் மொய்த்து நிற்கிறார்கள். அவர் அடுப்போரம் திரையோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு குட்டிப் பெண் அவரிடம் போகிறாள். தலைமுடி ஒருபக்கம் ஒட்ட வெட்டியிருக்கிறது. படகுத் தார் ஒட்டியதென்று என் அம்மா கத்தரித்த தலை அது. நான்தான். அந்தச் சிவப்பு வரிக் கையுறையைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்கிறேன். சத்தமில்லாத படம். ஆனால் சொன்னது என்னவென்று எனக்குத் தெரியும், உனக்கும் எழுதியிருக்கிறேன், பெருமையடித்துக்கொண்டு.

அவர் இல்லையென்று தலையாட்டுகிறார்.

பிறகு கையைத் தூக்கி, என் உச்சந்தலையில் இரண்டு தடவை தட்டுகிறார். கதவு தட்டுகிற மாதிரி, விரல் முட்டியால். அப்பா என்னை அப்படித்தான் தட்டுவார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? தட்டிவிட்டு, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்பார். நான் "யாருமில்ல" என்பேன். நான் கல்யாணம் செய்துகொண்ட அன்றுகூடத் தட்டினார். வேறு எவரும் என்னை அப்படித் தட்டியதில்லை.

அதோடு படம் வெள்ளையாகிவிடுகிறது.

எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே. அந்த உட்காருகிற விதம், தோளைக் குறுக்கிக்கொள்கிறது, எல்லாம் அப்பா. முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. நான் கையுறையைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. வேடம் கட்டப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் கையுறையும் பூட்ஸும் இரவல் வாங்கித்தான் போவார்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஊரிலேயே கெட்டிக்காரிக்கு அது தோன்றவில்லை.

அப்படியென்றால் படகில் யார் இருந்தார்கள்? உன் அப்பா மட்டுமா? கையுறை இல்லாமலா?

உனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அதுதான் அந்த ஒரு வரி. சொல்லு மார்ஜ். திட்டிச் சொன்னாலும் சரி. நான் எழுதியதை அந்தப் படத்தைப் பார்த்த அன்றே அழித்துவிட்டேன். அழிக்க முடியாது என்று உனக்குப் பொய் சொன்னேன். ஒரு விரலால் தொட்டால் போய்விடுகிறது.

வெர்னா


ரெட் டீர்
மே 2, 2022

வெர்னா,

ஒரு வாரம் உன் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீயே கண்டுபிடித்துவிட்டதால் என் வாக்கு போய்விட்டது என்று ட்ரென்ட் சொல்கிறான். இருக்கலாம். எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் உன் அப்பா எங்கள் சமையலறைக்கு வந்தார். என் அம்மாவின் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு, "இந்த வருஷம் ஒருத்தனும் என்னைக் கண்டுபிடிக்கக் கூடாது" என்று ஒரே சிரிப்பு. அப்பாவுக்குப் பல்வலி, கன்னம் வீங்கிப் போய் வரவில்லை என்றுவிட்டார். "அப்ப ஓங் கையுறையையும் பூட்ஸையும் குடுடா, நீதான்னு நெனைச்சுக்கட்டும்" என்றார் உன் அப்பா. திரையைக் கட்டிவிட்டது நான். ஒன்பது வயது எனக்கு. பின்னால் இரட்டை முடிச்சுப் போட்டேன்.

மணி அடித்ததும் அப்பா இருந்த கோலத்தில் ஓடினார். கையுறையைத் தேட நேரமில்லை. தன் படகுக்கு எப்போதும் இரண்டாவது ஆள் கிடியன்தான், எப்படியும் வந்துவிடுவான் என்று தண்ணீர் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அப்புறம் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். கீப்பிங் வீட்டில் அடுப்போரம் இருந்தது எதிர்க்கரை டிரைஃபீனா என்று பொம்பளைகள் நினைத்தார்களாம். அவளும் அந்த உயரம்தானே. யாரும் கண்டுபிடிக்கவில்லை, உன்னைத் தவிர.

விடியும்போது அப்பா திரும்பினார். உன் அப்பா கரையில் நின்றிருந்தார், பாவாடை இல்லை, முகம் செத்துப்போயிருந்தது. படகைப் பார்த்ததும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தார். ஆட்கள் ஓடி வந்தபோது இரண்டு பேரும் நனைந்து ஒன்றாக நின்றார்கள். "ரெண்டு பேரும் போயிட்டு வந்துட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். என் அப்பா ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கும் பேச்சு வரவில்லை. பிறகு பாதிரியார் எழுதிவிட்டார், பலகை வந்துவிட்டது.

அதற்கு முந்தின வருஷம்தான் உன் சித்தப்பா கடலில் போனார், கிடியன் கண் முன்னால். அதை நினைத்துத்தான் என் அப்பா எதுவும் சொல்லாமல் விட்டிருக்கவேண்டும். நான் ஒரு தடவை கோபத்தில் கேட்டேன். "யாரும் கண்டுபிடிக்கலைன்னா வேடக்காரன் தெரையைத் தூக்க வேணாம் மார்ஜரி. அவனா தூக்குனாத் தூக்கட்டும். நீ தூக்காதே" என்றார். நானும் சரியென்றேன்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் உன் அப்பா ஒரு வண்டி விறகு கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்குவாரே, உள்ளே வா என்றால் வரமாட்டாரே, நீகூடத் தூக்கி வருவாயே. அது அந்த இரவுக்கான விறகுதான்.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அப்பா ஒரு தடவைதான் சொன்னார். "படகுல உறையுற ஐஸைத் தட்டிவிட ஒரு ஆள் இருந்திருந்தா முனையைத் தாண்டியிருப்பேன். ஆம்ப்ரோஸோட வெளிச்சம் எனக்குத் தெரிஞ்சுது."

இது உனக்கு மட்டும். கல்லில் பழையபடி இரண்டு பெயரும் இருக்கட்டும். உன் அப்பாவை வெளியே இழுக்காதே. என் அப்பா மேல் விழுந்த சேற்றை மட்டும் துடைத்துவிடு, போதும். செத்தவர்களில் ஒருவருக்காவது நிம்மதி இருக்கட்டும்.

மார்ஜரி


மேரிஸ்டவுன்
மே 15, 2022

அன்புள்ள மார்ஜரி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடியில் ஏறிப் படுத்துவிட்டேன். மகள் வந்து, "கால் வலிக்குதாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். பொய்தான் எனக்கு இப்போது சுலபமாக வருகிறது.

வெட்கம் என்றால் என்னவென்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை. இது சோற்றில் உட்காருகிறது. வில்ஃபின் ஆப்பிள் இன்னும் நாலைந்து நிலவறையில் கிடந்தன, சுருங்கிப்போய். எறியவும் கை வரவில்லை, தின்னவும் வாய் வரவில்லை. தன் அப்பாவைத் தேடிப் போனவனின் மகளென்று நினைத்து ஒருவன் அனுப்பியதை நான் பை செய்து ஊருக்கே பரிமாறியிருக்கிறேன். உன் அப்பாவின் விரல்களைப் பற்றி எவனோ எழுதியதை நான் வாசித்தேன், மார்ஜ். வாசித்துவிட்டு, எதிர்த்து ஒரு வார்த்தை எழுதாமல், அதற்குக் கீழேயே என் அப்பாவின் புகழைப் போட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நீ கேட்டதை நான் செய்யவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை கமிட்டி கூடியது. தலைவர் செல்பி வந்ததும் வராததுமாக, "என்ன வெர்னா, கல்லுல ஒரு பேருதானே?" என்றார். ஆமாம், ஒரு பெயர்தான் என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். லியாண்டர் ஸ்கின்னர் என்றேன். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பல்வலி, பாவாடை, கையுறை, விறகு வரைக்கும். செல்பி, "பாவம் வெர்னா, செத்தவரைப் போய் எதுக்கு" என்று ஆரம்பித்தார். "மார்ஜரி அப்பாவும் செத்தவர்தான், போன மாசம் வரைக்கும் அவரைத்தானே மென்னுக்கிட்டு இருந்தீங்க, நானும்தான்" என்றேன்.

கல்லில் உன் அப்பா பெயர் மட்டும் வருகிறது.

அன்றே வில்ஃபுக்குப் போன் செய்தேன். எழுதித் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை. அவனும் கிழவனாகிவிட்டான், மூச்சு வாங்குகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "ரெண்டு பேரும் போயிருந்தா?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உனக்கு மட்டும் என்று நீ எழுதியிருந்தாய். ஆனால் அவனுடைய அப்பா, மார்ஜ். ஆம்ப்ரோஸின் வெளிச்சம் லியாண்டருக்குத் தெரிந்தது, இன்னொரு ஆள் இருந்திருந்தால் முனையைத் தாண்டியிருப்பார் என்று சொன்னேன். "வெளிச்சம் தெரிஞ்சுதா? அப்போ அதுவரைக்கும் அப்பா விளக்க அணைய விடலை" என்றான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆகஸ்டில் வருகிறேன், லியாண்டரின் மகள் வந்தால் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னான். என்னைப் பார்க்கவேண்டும் என்று சொல்லவில்லை.

அப்பா மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். தம்பி கண்ணெதிரே போனதைப் பார்த்தவருக்குக் கால் எழவில்லை, அது புரிகிறது. அந்த நேரத்தில் திரைக்குள்ளே அவர் என்ன பாடுபட்டாரோ. ஆனால் நான் போய் நின்றேனே. அப்போதாவது எடுத்திருக்கலாம். தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பெண்ணிடமே இல்லையென்று தலையாட்டிவிட்டு, கை மட்டும் பழக்கத்தில் என் தலையைத் தட்டியிருக்கிறது. நினைத்தால் அழுகையாக வருகிறது, யாருக்காக அழுகிறேன் என்று சொல்லத் தெரியவில்லை.

இரட்டை முடிச்சு என்று எழுதியிருந்தாய். அதைப் பல தடவை படித்தேன். அவ்வளவு இறுக்கிக் கட்டியவள் நீ. இத்தனை வருஷம் அவிழ்க்காமல் காத்தவளும் நீ. அவிழ்க்க வேண்டாம் என்று இப்போதும் கேட்கிறாய். என்னை மன்னித்துவிடு என்று எழுத எனக்கு முகமில்லை. ஆகஸ்டில் வா. என் வீட்டில் தங்கவேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். படகில் நீ முன்னால் உட்கார், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

படத்துக்குக் கீழே அந்தப் பெட்டியில் நேற்று இதை எழுதினேன். அழிக்கமாட்டேன்.

"அடுப்போரம் உட்கார்ந்திருப்பவர் கிடியன் பார்டி. கையுறை மட்டும் லியாண்டர் ஸ்கின்னருடையது. லியாண்டர் அந்த நேரத்தில் வெறுங்கையோடு, தனியாகக் கடலில் இருந்தார். இங்கே நான் முன்பு சொன்னது தவறு. அந்தக் குட்டிப் பெண் சொன்னதுதான் சரி."

சரியாகச் சொல்லிவிட்டால் முகத்தைக் காட்டியே ஆகவேண்டும், மார்ஜ். நான் அன்றைக்கே சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். அவர் காட்டவில்லை. அதனால் அவருக்காக நான் காட்டிவிட்டேன்.

கிடியன் பார்டியின் மகள்,
வெர்னா